டாப் மாடலும் கூரையில்லாப் பெட்டியும்

காரின் பின்கதவில் ஓர் ஓரமாகச் சில எழுத்துகளும் எண்களும் ஒட்டியிருக்கும். விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ, டபிள்யூ6, டபிள்யூ8. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. பின்னால் வருகிறவர் பார்ப்பதற்காக ஒட்டியது. ஒரே வண்டியை வாங்கிய இரண்டு பேரில் யார் அதிகம் கொடுத்தார் என்று ஊருக்குச் சொல்வதுதான் அதன் வேலை. கம்பெனிகள் இதை வேரியன்ட் என்கின்றன. நமக்கு பேஸ் மாடல், டாப் மாடல்.

இதில் நீதி அநீதி என்று யோசிக்க ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றும். காசு இருக்கிறவர் தோல் சீட்டில் உட்கார்கிறார், இல்லாதவர் துணி சீட்டில் உட்கார்கிறார். வித்தியாசம் சீட்டோடு நின்றிருந்தால் நானும் அப்படியே விட்டிருப்பேன்.

மஹிந்திரா எக்ஸ்யூவி500ஐ எடுத்துக்கொள்வோம். 2011இல் வந்து பத்து ஆண்டுகள் விற்பனையில் இருந்த ஏழு இருக்கை வண்டி. பழைய வண்டிச் சந்தையில் இன்றும் புழங்குகிறது. வந்த புதிதில் அதற்கு டபிள்யூ6, டபிள்யூ8 என்று இரண்டு படிகள். இரண்டிலும் அதே 2.2 லிட்டர் டீசல் எஞ்சின், அதே 140 குதிரைத்திறன், அதே உடற்கூடு. டபிள்யூ6இல் முன்பக்கம் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். டபிள்யூ8க்கு ஏறினால் தோல் சீட், வழிகாட்டும் தொடுதிரை. கூடவே பக்கவாட்டில் விரிவது, ஜன்னலோரம் திரைபோல இறங்குவது என்று மொத்தம் ஆறு ஏர்பேக். வண்டி வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்துத் திசைக்குக் கொண்டுவரும் இஎஸ்பியும் அந்தப் படியில்தான். விலை வித்தியாசம் ஒரு லட்சத்துச் சொச்சம்.

ஷோரூமில் கொடுக்கும் தாளில் இவை எல்லாம் ஒரே பட்டியலில் வரும். தோல் சீட்டுக்கு ஒரு டிக், இஎஸ்பிக்கு ஒரு டிக். இரண்டு டிக்கும் ஒரே அளவு. என் சங்கடம் அந்த டிக்கில் தொடங்குகிறது.

*

சில வருடங்களுக்கு முன் திருப்பூரில் இருக்கும் சித்தப்பா ஒரு பழைய எக்ஸ்யூவி வாங்க முடிவெடுத்தார். புரோக்கர் இரண்டு வண்டி காட்டியிருந்தார். ஒன்று 2012 டபிள்யூ8, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியது. மற்றது 2014 டபிள்யூ6, எழுபதாயிரம். விலை ஏறத்தாழ ஒன்றுதான். பையன் இன்ஜினியர் என்பதால் என்னைக் கூப்பிட்டார். நான் எழுதுவது மென்பொருள். ஆனால் நம் வீடுகளில் இன்ஜினியர் என்றால் மிக்சியிலிருந்து கார் வரைக்கும் இன்ஜினியர்தான்.

புதிய வண்டி வாங்குகிறவருக்கு மேல்படி என்றால் கூடுதல் பணம். பழைய வண்டியில் கணக்கு வேறு. வருடங்கள் போகப்போக அந்த விலை வித்தியாசம் சுருங்கிவிடும். பழைய வண்டி பார்க்க வருகிறவர் சிங்கிள் ஓனரா, எத்தனை கிலோமீட்டர், என்ன மைலேஜ் தரும், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று கேட்பார். எத்தனை ஏர்பேக் என்று கேட்பவர் அபூர்வம். யாரும் கேட்காததற்குச் சந்தை விலை வைப்பதில்லை. அதனால் முதல் உரிமையாளர் பெருமைக்காகக் கொடுத்த பணத்தில், இரண்டாவது உரிமையாளரின் வீட்டாருக்கு ஜன்னலோர ஏர்பேக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதற்கு அவர் இரண்டு வருடப் புதுமையையும் நாற்பதாயிரம் கிலோமீட்டரையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

சித்தப்பா விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. "ரெண்டு வருசம் புதுசுடா கண்ணு. ஓட்டமும் கம்மி. டாப் மாடல்னா எலெக்ட்ரானிக்ஸ் ஜாஸ்தி, ஒண்ணு போச்சுன்னா பத்தாயிரம், இருபதாயிரம். ஏர்பேக் எல்லாம் இடிச்சாத்தானே வெளிய வரும்? நான் என்ன இடிக்கவா வண்டி வாங்கறேன்?"

அந்தக் கடைசிக் கேள்வியை அற்பமென்று தள்ள முடியவில்லை. தோல் சீட் தினமும் கைக்குத் தட்டுப்படும். எல்லாம் நல்லபடியாகப் போனால் ஏர்பேக் ஒருநாளும் கண்ணில் படாது. நடக்கக்கூடாத, நடக்காது என்று நாம் நம்புகிற ஒன்றுக்காகக் காசு கொடுக்கச் சொன்னால் யாருக்கும் கை வராது.

*

இந்தப் படிக்கட்டைப் பற்றிக் கார் பிறப்பதற்கு முன்பே யோசித்த ஒருவர் உண்டு. ஜூல் துபுய் என்ற பிரெஞ்சுக்காரர், சாலைகளும் பாலங்களும் கட்டிய பொறியாளர், பொருளியலிலும் எழுதியவர். 1849இல் அவர் ரயிலைப் பற்றிச் சொன்னது இது: மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை இல்லை, உட்கார மரப் பலகைதான். கூரை போடும் செலவை மிச்சம் பிடிக்கவா கம்பெனி இப்படிச் செய்கிறது? கிடையாது. இரண்டாம் வகுப்புக்குக் கொடுக்க வசதியுள்ளவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக்கூடாது. அவரைப் பயமுறுத்தத்தான் ஏழையின் தலைக்கு மேல் கூரை இல்லாமல் விடுகிறார்கள்.

என் தொழிலில் இது பழகிப்போன விஷயம். 1991இல் இன்டெல் 486எஸ்எக்ஸ் என்று மலிவான ஒரு சிப்பை விற்றது. ஆரம்பகால எஸ்எக்ஸ் சிப்புகள் விலை உயர்ந்த 486டிஎக்ஸேதான், தசமக் கணக்குப் போடும் பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்திருந்தார்கள். பிறகு அந்தக் கணக்கு வேண்டுமென்றால் 487 என்று இன்னொன்றை வாங்கிச் செருக வேண்டும். அது கிட்டத்தட்ட ஒரு முழு டிஎக்ஸ். செருகியதும் பழைய சிப்பை அணைத்துவிட்டுத் தானே எல்லா வேலையையும் பார்க்கும். மென்பொருளில் இதெல்லாம் ஒரே வரி நிபந்தனை. சந்தா பிரீமியமா, பொத்தானைக் காட்டு. இல்லையா, மறை. அப்படிப்பட்ட வரிகளை நானும் எழுதுகிறேன், அதற்காகத் தூக்கம் கெட்டதில்லை. அங்கே மறைந்துபோவது ஒரு பொத்தான்தான், யாருடைய மண்டையும் இல்லை.

காரிலும் இரண்டு வகை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். ஏர்பேக் மென்பொருள் பொத்தான் கிடையாது. பை, வாயு தரும் கருவி, சென்சார், ஒயரிங் எல்லாவற்றுக்கும் உண்மையிலேயே செலவு இருக்கிறது. அதைக் கீழ்ப்படியில் கொடுத்தால் விலை ஏறும் என்று கம்பெனி சொல்வது பொய்யில்லை. ஆனால் ஆறு ஏர்பேக் வேண்டுமென்றால் தோல் சீட்டையும் தொடுதிரையையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும் என்று கட்டி வைப்பது எந்தச் செலவுக் கணக்கிலும் வராது. வந்த புதிதில் எக்ஸ்யூவி500ஐத் துணி சீட்டும் ஆறு ஏர்பேக்குமாகக் கேட்டிருந்தால் அப்படி ஒன்று பட்டியலில் இருக்கவில்லை. துபுய் சொன்ன கூரை அங்கேதான் இருக்கிறது.

சட்டம் இந்தப் படிக்கட்டைக் கீழிருந்து ஒவ்வொன்றாக உடைத்து வந்திருக்கிறது. 2019 ஏப்ரலில் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதே ஆண்டு ஜூலையில் டிரைவர் ஏர்பேக். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் ஏர்பேக்குக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிரைவருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் சட்டமே இரண்டு வருட வித்தியாசம் வைத்திருந்தது! ஆறு ஏர்பேக் விதி 2022 அக்டோபருக்கு என்று பேசி, 2023க்குத் தள்ளி, கடைசியில் கட்டாயமில்லை என்று அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார்.

எதிர்த்தவர்களின் வாதத்தில் ஒரு நியாயம் இருந்தது. சின்னக் காரின் விலை ஏறினால், வாங்க நினைத்தவர் பைக்கிலேயே நின்றுவிடுவார் என்று மாருதியின் தலைவர் ஆர்.சி. பார்கவா சொன்னார். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் ஏறத்தாழ 45 விழுக்காடு இரு சக்கர வாகனங்களில் போனவர்கள். மனைவி குழந்தைகளோடு பைக்கில் போகிறவருக்கு இரண்டு ஏர்பேக் உள்ள சின்னக் காரே பெரிய முன்னேற்றம். அவரிடம் போய் ஆறு இருக்கிறதா என்று கேட்பது அபத்தம். ஆனால் ஏழு பேர் உட்காரும் எஸ்யூவியை வாங்க வந்தவர் அந்த வாதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. அவர் பைக்குக்குத் திரும்பப் போவதில்லை.

*

டிக்குகள் நிறைந்த அந்தப் பட்டியலை நான் வேறு மாதிரி பிரித்துப் பார்க்கிறேன். எது விலை அதிகம் என்று கேட்காமல், எது யாருக்காக என்று கேட்டால் மூன்று குவியல் கிடைக்கிறது.

முதல் குவியல் வாங்குகிறவருக்கு. தோல் சீட், தொடுதிரை, பின்னால் வந்த மாடல்களில் சன்ரூஃப். வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்கு முழு உரிமை. வேண்டாம் என்றால் அது அவருடைய எளிமை.

இரண்டாவது குவியல் உள்ளே உட்காருகிறவர்களுக்கு. ஏர்பேக், சீட் பெல்ட், தலை சாயும் இடம். இங்கே பணம் கொடுப்பவர் ஒருவர், உட்காருகிறவர்கள் ஏழு பேர். சித்தப்பா நீண்ட தூரம் போனால் ஆக்டிங் டிரைவர் வைப்பார். அந்த டிரைவரையோ, நடு வரிசையில் ஜன்னலோரம் உட்காரும் பாட்டியையோ, மூன்றாவது வரிசையில் அடைந்துகொள்ளும் பிள்ளைகளையோ யாரும் எந்த வேரியன்ட் என்று கேட்கப்போவதில்லை. "நான் என்ன இடிக்கவா வண்டி வாங்கறேன்" என்பதில் இருக்கும் "நான்" இங்கே செல்லாது. தன் உயிரை வைத்து ஒருவர் துணிந்தால் அது துணிச்சல். இன்னொருவர் உயிரை வைத்துத் துணிவதற்கு அந்தப் பெயரைக் கொடுக்க முடியாது.

மூன்றாவது குவியல் வெளியே இருப்பவர்களுக்கு. ஏபிஎஸ், இஎஸ்பி, நல்ல டயர், நல்ல பிரேக், ஒழுங்கான விளக்கு. எக்ஸ்யூவி500இன் எடை ஏறத்தாழ 1,800 கிலோ. எதிரே ஸ்கூட்டரில் வருகிறவரின் வண்டி நூறு கிலோ சொச்சம். வேகம் இரட்டிப்பானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். மழையில் தாராபுரம் ரோட்டில் அந்த எடை வழுக்கும்போது, நேராகுமா ஆகாதா என்பது ஸ்கூட்டர்காரருக்குத்தான் வாழ்வா சாவா கேள்வி. அவர் ஷோரூமுக்கும் வரவில்லை, புரோக்கரையும் பார்க்கவில்லை. பெரிய வண்டி வாங்குவது என்பதே சாலையின் ஆபத்தில் ஒரு பங்கை நம்மிடமிருந்து அவர் பக்கம் தள்ளுவதுதான். அப்படித் தள்ளியவருக்கு இந்த மூன்றாவது குவியலில் கை சுருக்கும் உரிமை குறைவு.

கம்பெனியின் படிக்கட்டில் முதலில் வேண்டியதும் கடைசியில் வேண்டியதும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வாங்குகிறவர் தலைகீழாகப் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. வெளியே இருப்பவர், உள்ளே இருப்பவர், கடைசியில்தான் நான்.

*

இவ்வளவு சொன்னாலும் சித்தப்பாவின் "ரெண்டு வருசம் புதுசு" தோற்றுப்போகவில்லை. தேய்ந்த டயரில் இஎஸ்பி அற்புதம் செய்யாது. முன்பு மோதி ஏர்பேக் வெடித்த பழைய வண்டியில், அதை மாற்றாமல் எச்சரிக்கை விளக்கை மட்டும் ஏமாற்றி வைத்திருக்கும் வழக்கம் உண்டு. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் உள்ளே கைவேலை இருக்கிறது. டபிள்யூ6இல் டபிள்யூ8 எழுத்தை ஒட்டி விற்பவர்களும் இருக்கலாம், பின்கதவை நம்பாமல் இன்சூரன்ஸ் தாளைப் பார்ப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலே சீட் பெல்ட். 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலை உயர்ந்த மெர்சிடிஸின் பின் இருக்கையில். பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீஸ் சொன்னது. பெல்ட் பேஸ் மாடலிலும் உண்டு, அதற்குத் தனிக் காசு இல்லை.

அதனால் சித்தப்பாவிடம் டபிள்யூ8ஐ வாங்குங்கள் என்று சொல்லவில்லை. இரண்டையும் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டி, பழையதன் ஏர்பேக்கும் பிரேக்கும் சரியாக இருந்தால் அதை எடுங்கள், மிச்சப் பணத்தில் நான்கு டயரையும் மாற்றுங்கள், சந்தேகமிருந்தால் புதியதை எடுங்கள் என்றேன். வண்டி சரியாக இருப்பதாக மெக்கானிக் சொன்னார். சித்தப்பா இரண்டு நாள் யோசித்துவிட்டு டபிள்யூ8ஐ எடுத்தார். என் வாதம் ஜெயித்தது என்று நான் நினைக்கவில்லை. "டாப் மாடல்னா விருந்தாளி வீட்டுக்குப் போனாலும் ஒரு மரியாதை" என்று சித்தி சொன்னது ஜெயித்திருக்கலாம்.

அதில் எனக்கு வருத்தமில்லை. பெருமைக்காக வாங்கினாலும் ஏர்பேக் விரியத்தான் செய்யும். ஆனால் ஒரு பாட்டியின் பாதுகாப்பு மருமகளின் பெருமையில் தொற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிற ஏற்பாடு சரியான ஏற்பாடு ஆகாது. மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போட்டதால் எந்த ரயில் கம்பெனியும் அழிந்துவிடவில்லை. இன்று கூரையில்லாமல் ஒரு பெட்டியை யாராவது விற்க வந்தால் சிரித்துவிட்டுப் போவோம். அடுத்தமுறை வண்டி பார்க்கப் போகும்போது எத்தனை ஏர்பேக், இஎஸ்பி இருக்கிறதா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் புரோக்கர் அதை மனப்பாடம் செய்துவிடுவார். நூறு பேர் கேட்டால் அதற்கு ஒரு விலை வந்துவிடும். வாங்குகிறவருக்கு அது கொஞ்சம் நஷ்டம்தான். எதிரே ஸ்கூட்டரில் வருகிறவருக்கு லாபம்.