ஒதுங்கி நிற்பதும் அன்பே

எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கும் சாலையை நாம் சிறுவயது முதல் அறிவோம். குற்றுயிராய்க் கிடந்தவரைக் கண்டும் காணாதவராய்க் குருவும் லேவியரும் கடந்து போயினர், சமாரியர் நின்றார். நின்றவர் நல்லவர், போனவர் தவறியவர் என்றே ஆண்டுதோறும் நான் மறையுரை ஆற்றி வந்திருக்கிறேன். ஆனால் நிற்பது மட்டுமே அன்பாகிவிடுமா? இக்கேள்வியை எனக்குள் எழுப்பியது, சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்குச் செல்லும் சாலை.

சம்பா அறுவடைக் காலத்து மாலை ஒன்றில் கீரப்பாளையத்தருகே சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறுபாதியில் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தார். காரை அப்படியே சாலையில் விட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் பெருங்கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தண்ணீர் புகட்டப் பார்த்தார். மற்றொருவர் அவரைத் தூக்கி உட்காரவைக்க முனைந்தார். நான் முழந்தாளிட்டுச் செபிக்கத் தொடங்கினேன். சற்று நேரத்தில் 108 ஆம்புலன்சின் ஒலி கேட்டது. ஆனால் ஒலி நெருங்கி வரவில்லை. "யார் வண்டிங்க இது? எடுங்க!" என்று ஓர் இளைஞன் கத்தினான். அது என் வண்டி.

அதை நகர்த்தச் சில நிமிடங்கள் ஆயின. அம்மனிதர் பிழைத்துக்கொண்டார், இறைவனுக்கு நன்றி. எனினும் அன்றிரவு மனச்சான்றை ஆய்ந்தபோது எனக்கு உறக்கம் வரவில்லை. அறிவும் விருப்பமும் இணையாத இடத்தில் பாவமில்லை என்று இறையியல் ஆறுதல் கூறும். ஆனால் அறிந்திருக்க வேண்டியதை அறியாதிருந்தால் அந்த அறியாமையே குற்றமாகலாம் என்பதும் அதே இறையியல்தான். கடந்துபோன குருவை நான் பலமுறை கண்டித்தேன். வழியை அடைத்து நின்ற குருவைப் பற்றி ஒருமுறையும் எண்ணியதில்லை.

ஒழுங்கற்ற இரக்கம் காலத்தை மட்டுமல்ல, உயிரையும் பறிக்கும். 2023 ஜூலை 20 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், அகமதாபாத் மேம்பாலம் ஒன்றில் நேர்ந்த விபத்தைக் கண்டு மக்கள் கூடினர். அக்கூட்டத்தினுள் விரைந்து வந்த கார் பாய்ந்ததில் ஒன்பது பேர் மாண்டனர். கடமையாற்ற வந்த போக்குவரத்துக் காவலர் ஒருவரும் ஊர்க்காவல் படை வீரர் ஒருவரும் அவர்களுள் அடங்குவர். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று, நம் மாநிலத்தின் நாட்றம்பள்ளி அருகே பழுதாகி நின்ற வேன்மீது லாரி மோதியது. வேனருகே அமர்ந்திருந்த ஏழு பெண்கள் உயிரிழந்தனர். சாலையில் நின்றுவிட்ட ஒவ்வொன்றும் அடுத்த விபத்துக்கு அழைப்பாகிறது.

நம் ஆண்டவர் சொன்ன கதையின் பெயர் இன்று நாட்டின் சட்டத்திலும் ஏறியுள்ளது. உதவுவோரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிமுறைகளுக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் சட்டவலிமை அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 'நல்ல சமாரியர்' என்றே பெயரிட்டு அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கிறது. ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. நிற்பதற்கிருந்த அச்சத்தைச் சட்டம் நீக்கிவிட்டது. எப்படி நிற்பது என்பதை நாம்தான் கற்க வேண்டும்.

2008 முதல் நம் மாநிலத்தில் 108 ஊர்திகள் ஓடுகின்றன. காவலர், தீயணைப்பு வீரர், நெடுஞ்சாலைத் துறையினர் எனப் பலரும் வருகின்றனர். எவர் எங்கே நிற்பது, எவர் சொல்லுக்கு மற்றவர் இணங்குவது என்பது முன்னரே பேசி வைக்கப்படாவிட்டால், உதவ வந்தவர்களே நெரிசலாகிவிடுவர். காவலர் தொலைவிலேயே ஊர்திகளின் வேகத்தைக் குறைக்க, பெரிய ஊர்தி ஒன்று அரணாய் நிற்க, அதன் மறைவில் மருத்துவ உதவியாளர் பணியாற்றும் இடத்தில்தான் காப்பாற்ற வந்தவரும் காக்கப்படுகிறார். ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் நெரிசல் ஏற்பட்டால், ஊர்திகள் இருபுறமும் ஒதுங்கி நடுவே வழி திறப்பது சட்டமாகவே இருக்கிறது.

மீண்டும் உவமைக்கு வருவோம். சமாரியர் காயங்களைக் கட்டினார், தம் விலங்கின்மேல் ஏற்றினார், சாவடிக்குக் கொண்டுபோனார், இரு தெனாரியங்களைத் தந்து, பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைத்தார். தம் பணி எங்கே முடிகிறது, அடுத்தவர் பணி எங்கே தொடங்குகிறது என்று அவர் அறிந்திருந்தார். அன்புக்கும் ஒழுங்கு உண்டு எனப் புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தது வெறும் ஏட்டுக் கருத்தன்று.

'ஒதுங்கி நிற்கச் சொன்னால், லேவியரின் வழிக்கே மக்களைத் திருப்புகிறீரே' என்று சிலர் கேட்கலாம். லேவியர் தமக்காக விலகினார். இவர் காயமுற்றவருக்காக ஒதுங்குகிறார். லேவியர் போய்விட்டார், இவரோ அழைத்தால் கேட்கும் தொலைவில் நிற்கிறார். உடலின் அசைவு ஒன்றே. உள்ளத்தின் திசை வேறு.

நம் அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசலாம். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். இருவர் சாலையோரமாகவே போதிய தொலைவு நடந்து, வரும் ஊர்திகளை எச்சரிக்கட்டும். முதலுதவி கற்றவர் மட்டும் அருகில் இருக்கட்டும். மற்றவர் வழியைத் திறந்து வைக்கட்டும். களமின்றிச் சாலையில் நெல் காயவைக்கும் உழவரை ஏசுவதை விட, அவருக்கொரு களம் கிடைக்கக் குரல் கொடுப்பதும் இவ்வன்பில் அடங்கும்.

இப்போதெல்லாம் விபத்தைக் கண்டால், காரைச் சாலையை விட்டு இறக்கி நிறுத்திய பின்னரே இறங்குகிறேன். அதுவே என் முதல் செபம். இறைவன் அதையும் கேட்கிறார் என நம்புகிறேன்.