1884: ஒரு தோளின் மேல் ஒரு பட்டம்

பிராவிடன்ஸ் கிரேஸ், அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த தொழில்முறை பேஸ்பால் அணி. 1884-ஆம் ஆண்டு நேஷனல் லீக் பட்டத்தை 84 வெற்றி, 28 தோல்வி என்ற கணக்கில் அது வென்றது. ஆனால் ஜூலையில் அந்த அணி கலைந்துபோகும் நிலையில் இருந்தது. பந்தெறியும் வீரர் இருவரில் மூத்தவரான சார்லஸ் ராட்பர்ன் இடைநீக்கத்தில் இருந்தார். இளையவரான சார்லி ஸ்வீனி, ஜூலை 22 அன்று மேலாளர் ஃபிராங்க் பேன்கிராஃப்டின் சொல்லை மீறி, ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறினார். எஞ்சிய எட்டுப் பேர் ஆடித் தோற்றார்கள்.

அணியைக் காத்தது ராட்பர்னின் வாக்குறுதி. கூடுதல் ஊதியம் தந்து, பருவம் முடிந்ததும் ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தால், மீதி ஆட்டங்களுக்குத் தானே பந்தெறிவதாக அவர் சொன்னார். பெரும்பாலானவற்றில் அப்படியே செய்தார். கிரேஸ் தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்றது. அவர் அந்தப் பருவத்தில் எறிந்தது 678 இன்னிங்ஸுக்கும் மேல். பெற்ற வெற்றிகள் 59, சில பதிவுகளில் 60. இன்று ஒரு வீரர் 20 வெற்றி பெற்றாலே அது பெரும் சாதனை. காலையில் தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாத அளவுக்கு அவருக்குத் தோள்வலி இருந்ததாகச் சொல்வார்கள். அந்த வலியோடு கிடைத்த எண்ணிக்கை என்பதாலேயே அது இன்னும் வியப்பூட்டுகிறது.

அக்டோபரில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸ் அணியை மூன்று ஆட்டங்களிலும் கிரேஸ் வீழ்த்தியது. பின்னாளைய உலகத் தொடருக்கு முன்னோடியான அந்த மூன்றிலும் பந்தெறிந்தவர் ராட்பர்ன்தான். கிரேஸ் அணி 1885-உடன் கலைந்தது.