பழம்பொருள் சேர்த்தலும் பொருள் வரைதலும்

பொன்னும் நிலமும் அளவுக்கு மேல் சேர்ப்பது பற்று என்று நாம் பிள்ளைகளுக்கு எளிதில் சொல்லிவிடுகிறோம். அவர்களும் தலையசைத்து ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் எவரும் வேண்டாம் என்று ஒதுக்கிய பொருளை, காயலான் கடைக்குப் போகவிருந்த பொருளை, ஒருவர் எடுத்து வந்து துடைத்துப் பழுது நீக்கி வைத்துக்கொள்கிறார். ஒன்று பத்தாகிறது, பத்து இருபதாகிறது. இதுவும் பற்றுத்தானா? அல்லது அழியவிருந்ததைக் காத்த அறமா? குமராட்சியில் நம் உறவினர் இல்லத்தில் இவ்வினா எழுந்தது. நம் குடும்பங்கள் பலவற்றிலும் ஏதேனும் ஒரு வடிவில் எழக்கூடியது ஆதலின், ஆராய்ந்து பார்த்ததை இங்கே எழுதுகிறோம்.

குமராட்சி, சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் செல்லும் சாலையில் உள்ள ஊர். நெல் வயல்களே அவ்வட்டாரத்தின் செல்வம். அங்கே நம் தம்பி மகன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நீர் இறைக்கும் மோட்டார்களும் டிராக்டர் உறுப்புகளும் அவரிடம் பழுது பார்க்க வரும். மூன்று ஆண்டுகளுக்கு முன் துளையிடும் எந்திரத்தில் கையுறை சிக்கி, அவரது வலக்கை விரல்கள் இரண்டு நசுங்கின. அறுவை மருத்துவத்தால் விரல்கள் பிழைத்தன. ஆனால் மடங்க மறுத்தன. ஓராண்டு பட்டறை வேலை கூடாது, சிறு பொருள்களை எடுத்தும் வைத்தும் விரல்களைப் பழக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினார். நாளெல்லாம் உழைத்த மனிதர் திண்ணையில் அமர்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பது எத்தகைய துன்பம்! அந்நாளில்தான் பரணில் கிடந்த, பாட்டனார் காலத்துக் கிராமபோன் அவர் கண்ணில் பட்டது.

இக்கருவியின் வரலாறே பட்டறையோடு பிணைந்தது. அமெரிக்காவில் எடிசன் 1877இல் உலோகத்தாள் சுற்றிய உருளையில் மனிதக் குரலைப் பதித்துத் திரும்ப ஒலிக்கச் செய்தார். அவர் இளமை முதலே செவிப்புலன் குறைந்தவர் என்பது நினைக்கத் தக்கது. 1887இல் எமில் பெர்லினர் உருளைக்கு மாற்றாகத் தட்டையான வட்டத்தட்டைக் கொண்டுவந்தார். கையால் சுற்றியதால் அது சீராக ஓடவில்லை. காம்டன் நகரில் சிறு இயந்திரப் பட்டறை நடத்திய எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1896இல் அதற்கேற்ற ஸ்பிரிங் மோட்டாரை அமைத்துத் தந்தார். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் பதிவாயிற்று. 1908இல் அந்நகரின் சியால்டாவில் இசைத்தட்டு ஆலை எழுந்தது. மின்சாரம் எட்டாத ஊரிலும் சாவி கொடுத்தால் பாடும் கருவியாயிற்றே! கே.பி. சுந்தராம்பாளின் குரலும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும் சிற்றூர்த் திண்ணைகளுக்கு அவ்வாறுதான் வந்து சேர்ந்தன.

சாவி கொடுக்கும்போது ஓர் உலோகச் சிமிழுக்குள் எஃகு ஸ்பிரிங் இறுகுகிறது. அது விரியும் விசையில் தட்டு சுழல்கிறது. மூன்று சிறு குண்டுகள் கொண்ட கவர்னர், நிமிடத்துக்கு 78 சுற்று என வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி நடுங்குகிறது. அந்நடுக்கம் மெல்லிய தகட்டை அசைத்துக் குழலின் வழியே இசையாகிறது. இவற்றைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவது, மடங்காத விரல்களுக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியாகவே அமைந்தது. சிமிழை அவசரமாகத் திறந்தால் ஸ்பிரிங் சீறி வெளிப்பட்டுக் கையைக் கிழித்துவிடும். ஒருமுறை காயம்பட்ட கை அதனிடம் பொறுமை கற்றது. எட்டாம் மாதத்தில் அவர் தம் சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டார்.

கை தேறிற்று, தேடல் நிற்கவில்லை. சிதம்பரம், கடலூர், புதுச்சேரி, கும்பகோணம் எனப் பழம்பொருள் கடைகளைத் தேடிச் சென்றார். இன்று 23 கருவிகள் உள்ளன. நெல் மூட்டை அடுக்கிய அறை முழுதும் அவையே. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த தொகையில் ஒரு பகுதி, பித்தளைக் குழல் கருவி ஒன்றுக்குப் போயிற்று. மனைவியார் நம்மிடம், “அத்தை, கை சரியாகட்டும் என்று முதல் கருவியை நானேதான் துடைத்துக் கொடுத்தேன். இப்போது இது மருந்தா, நோயா? நீங்களே சொல்லுங்கள்” என்றார். அவரோ, “நான் எடுத்து வராவிட்டால் உடைத்து எடைக்குப் போட்டிருப்பார்கள் அத்தை, இதில் என்ன பிழை?” என்றார். இருவர் சொல்லிலும் உண்மை இருந்தது.

பொருளைப் பரிக்கிரகம் என்னாது, பொருளின்மேல் உள்ளம் கொள்ளும் மயக்கத்தையே பரிக்கிரகம் என்று உமாசுவாதி காட்டியிருப்பதை நாம் அறிவோம். அவ்வாறாயின் எண்ணிக்கை மட்டும் குற்றத்தைக் காட்டாது. இருபத்து மூன்றை வைத்திருப்பவர் விடுபட்டவராகவும், ஒன்றை வைத்திருப்பவர் கட்டுண்டவராகவும் இருக்கக்கூடும். பின் ஏன் இல்லறத்தாருக்குப் பொருள் வரைதல் என்னும் விரதத்தில் எண்ணும் அளவும் முன்கூட்டியே வகுக்கச் சொன்னார்கள்? மயக்கத்தில் இருக்கும் மனம் தன் மயக்கத்தைத் தானே நிறுத்துப் பார்க்க இயலாது. தராசே சாய்ந்திருக்கும்போது அதில் எதை எடை போடுவது? ஆகவேதான் மனம் தெளிந்திருக்கும் நேரத்தில் ஓர் எல்லை வகுத்து, மயங்கும் நேரத்தில் அதனைப் பற்றிக்கொள்ளச் சொன்னார்கள். மருந்துக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாடும் இதுவே. மருந்துக்கு அளவு உண்டு. நிறுத்தும் நாளும் உண்டு.

அடுத்து, பொருள் வந்த வழியைப் பார்க்க வேண்டும். ஒரு சிற்றூரில் முதிய கைம்பெண் ஒருவர் தம் கணவர் வைத்திருந்த கருவியைக் காட்டி, பித்தளை எடைக்கு என்ன வருமோ அதைக் கொடுங்கள் என்றாராம். நம்மவரும் அவ்வாறே கொடுத்து வந்தார். பழம்பொருள் விரும்புவோரிடம் அதன் விலை பல மடங்கு என்பதை அவர் அறிவார்; அந்த அம்மையார் அறியார். எடை சரியாகவே இருந்தது. ஆனால் ஒருவர் அறிவும் மற்றவர் அறியாமையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் நின்றன. கள்ளாமை என்பது பூட்டை உடைக்காமை மட்டுமா? எல்லா வணிகரும் இதைத்தானே செய்கிறார்கள் என்றார் அவர். வணிகர் அவ்வாறு சொல்லலாம்; காப்பதற்காகவே எடுத்து வந்தேன் என்பவர் அச்சொல்லைக் கடன் வாங்கலாகாது. பழைய மோட்டாரோடு புதிய குழலைப் பொருத்தி, நாய்ப்படம் பொறித்த தகட்டை ஒட்டி, நூறாண்டுப் பழமை என்று விற்பவர்கள் நம் நாட்டில் பலர். அவர்களிடம் தாம் ஏமாந்தபோது அவர் கொதித்தார். அக்கொதிப்பில் பாதியேனும் அம்மையார் பொருட்டு எழுந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நம் மக்கள் பலர் எண்ணிப் பாராத செய்தி. பழைய 78 சுற்று இசைத்தட்டுகள் அரக்கும் கல்தூளும் கரியும் கலந்து அச்சிடப்பட்டவை. அரக்கு மரத்தின் பிசின் அன்று. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் தம் உடலைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் உறை அது. கிளையைச் சுரண்டி எடுக்கும்போது எண்ணற்ற உயிர்கள் மடிகின்றன. இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 தொழில்களின் பட்டியலில் அரக்கு வணிகத்தையும் சமண அறநூல்கள் சேர்த்திருப்பது இதனாற்போலும். உலகம் முழுதும் இசைத்தட்டுக்கு இந்திய அரக்கையே பெரிதும் நம்பியிருந்தது. 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்குமில் அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அப்படியாயின் பழைய தட்டுகளை உடைத்தெறிவதா? எறிந்தால் மடிந்த உயிர் மீளாது. அவ்வுயிர்களின் விலையில் பதிந்த குரலும் அழியும். ஆனால் பழமையைப் புதுக்குகிறேன் என்று இன்று மரப்பெட்டிக்கு அரக்கு மெருகு பூசினால், அது இன்றைய உயிர்க்கொலைக்கு உடன்படுவதாகும். இதனைக் கேட்டபின் நம்மவர் ஆளிவிதை எண்ணெயால் மட்டுமே பெட்டிகளை மெருகிடுகிறார். பளபளப்புக் குறைவுதான். அக்குறை இருக்கட்டும்.

இனி, காத்தல் என்னும் சொல்லுக்கு வருவோம். நம் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர், பாடலிபுத்திரம் என்று பெயர் பெற்ற சமணப் பள்ளி இருந்த இடமாக அறிஞர் பலரால் கருதப்படுகிறது. அங்கே கி.பி. 458இல் சர்வநந்தி முனிவர் லோகவிபாகம் என்னும் பிராகிருத நூலை முடித்தார். அம்மூல நூல் இன்று இல்லை. சிம்மசூரி என்பவர் அதனை வடமொழியில் ஆக்கி வைத்ததால் அதன் பொருளும் காலமும் நமக்குக் கிடைத்தன. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனதே அந்நூலைக் காத்தது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணி ஏடுகளைத் தேடியபோது, கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் தம் மரபறிவை மறைக்காமல் பகிர்ந்தார்கள். 1887இல் நூல் அச்சேறிற்று. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த ஏறத்தாழ 1 இலட்சம் நூல்களும் இதழ்களும் பிறவும், 1992இல் அவர் மறைந்தபின் சிதறிப் போகாமல், 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. கேரளத்தின் பிளாசனாலில் சன்னி மாத்யூ தாம் திரட்டிய கிராமபோன்களைப் பிறர் காணவும் கேட்கவும் 2015இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். சாத்திர தானத்தை நான்கு தானங்களுள் ஒன்றாக வைத்த நமக்கு இது புதிய செய்தி அன்று.

இதற்கு மாறானதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆசிரியப் பயிற்சியில் துணைக்கருவிகள் மாணவர் கைபடுவதற்கே என்று கற்று வந்தோம். பின்னர் ஒரு பள்ளியில், உடைந்துவிடும் என்று அஞ்சி அறிவியல் கருவிகளை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஆண்டுதோறும் கணக்கெடுப்பில் அனைத்தும் சரியாக இருந்தன. நுண்ணோக்கியில் ஓர் இலையைப் பார்க்காமலே பல வகுப்புப் பிள்ளைகள் படித்து முடித்துப் போனார்கள். கருவிகள் காக்கப்பட்டனவா என்றால் காக்கப்பட்டன. எதற்காக என்றால் விடை இல்லை.

இன்று கைப்பேசியிலேயே எல்லாப் பாட்டும் கிடைக்கிறதே, இக்கருவிகளைக் காப்பதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பாட்டு கிடைக்கலாம், மின்சாரமின்றி ஒரு தகட்டின் நடுக்கம் குரலாவதைப் பிள்ளை தன் கண்ணால் காண்பது கைப்பேசியில் கிடைக்காது. ஆகவே காத்தல் வீண் அன்று. ஆனால் ஆசைகளுள் நுட்பமானது, ‘நான் காக்கிறேன்’ என்னும் வேடத்தில் வரும் ஆசை. பொன்னாசையைப் பிறர் இடித்துரைப்பர். இதனை எல்லாரும் பாராட்டுவர். அவ்வேடத்தைக் களைந்து பார்க்க ஒரு வினா போதும் என்று நமக்குத் தோன்றுகிறது: இதே பொருள் இதைவிட நன்றாக இன்னொருவர் வீட்டில் காக்கப்படுமானால், நம் மனம் மகிழுமா, வாடுமா? மகிழ்ந்தால் நாம் விரும்பியது அப்பொருளின் வாழ்வை. வாடினால் நாம் விரும்பியது ‘என்னுடையது’ என்னும் சொல்லை.

இவ்வினாவை அவரிடம் கேட்டோம். நெடுநேரம் மறுமொழி கூறவில்லை. மறுநாள், “சில கருவிகளுக்கு மகிழ்கிறது அத்தை, சிலவற்றுக்கு வாடுகிறது” என்றார். நேர்மையான விடை அது. வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தில் மரம் உப்பும், எஃகு துருவேறும். தேறிய அக்கையால் ஓராண்டில் எத்தனை கருவிகளை முழுதும் கழற்றித் துடைத்துப் பூட்ட முடியும் என்று கணக்கிடச் சொன்னோம். ஏழு என்றார். ஏழையே தம் எல்லையாக எழுதி, மனைவியாரிடம் கொடுத்திருக்கிறார். இதுவரை ஐந்து கருவிகள் வேறிடம் சென்றுள்ளன. அவற்றுள் ஒன்று பள்ளிக்கு, பூட்டி வைக்கலாகாது என்னும் வேண்டுகோளோடு. விற்றவற்றின் தொகை மகளின் கட்டணத்துக்குத் திரும்பிற்று. முதிய அம்மையாரிடம் சென்று உரிய விலையின் மீதத்தையும் கொடுத்து வந்தார். இன்னும் பதினொன்று போக வேண்டும். வாடச் செய்பவை அவற்றுள்தாம் இருக்கின்றன. காலம் ஆகும்.

கை காயமுற்றபோது சேர்த்தல் அவருக்கு மருந்தாயிற்று; தேறியபின் கொடுத்தல் மருந்தாகிறது. இல்லத்தில் பழைய வெண்கலமும் ஏடும் நாணயமும் படங்களும் சேர்த்து வைத்துள்ள நம் அன்பர்களும் ஓய்ந்த ஒரு மாலையில் அவற்றை எண்ணிப் பார்க்கட்டும். எத்தனை உள்ளன என்பதோடு, அவற்றுள் எத்தனை பிறர் கையில் இருந்தால் நம் மனம் மகிழும் என்பதையும் எண்ணட்டும். அந்த இரண்டாவது எண் பெருகப் பெருக, முதல் எண் நம்மைக் கட்டும் வலிமையை இழக்கும்.