பறிப்புக்கு ஒரு காலம்

சொந்தச் செலவில் புத்தகம் போடும் நண்பர்கள் கூடினால் இப்போது கதையைப் பற்றிய பேச்சே குறைவு. எந்த நேரத்தில் போஸ்ட் போட்டால் லைக் விழும், ரீல்ஸ் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்றே பேச்சு ஓடுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய பதிப்பகம் பின்னால் இல்லாதவர் தன் புத்தகத்துக்காகத் தானே வாய் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பார்கள்?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். எழுத்து பிரசுரம் என்று தாமே புத்தகமும் போட்டார். போட்டதைக் கட்டாகக் கட்டிச் சுமந்து, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். தம் ‘சுதந்திர தாகம்’ நாவலின் மூன்று பாகங்களையும் முதுமையில்தான் வெளியிட்டார். 1998-ல் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001-ல்.

ஆனால் அவர் சுமையை இறக்கி வைக்க முடிந்தது. நம் சுமை உள்ளங்கையிலேயே இருக்கிறது. பத்தியின் நடுவில் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்போது விரல் தானாகப் போனுக்குப் போகிறது. நேற்றைய போஸ்டுக்கு யார் என்ன எழுதினார்கள் என்று பார்த்துத் திரும்ப ஐந்து நிமிடம்தான் ஆகும். கதாபாத்திரத்தின் குரலை மறுபடி பிடிக்க அரை நாள் ஆகிவிடுகிறது.

ஏற்காட்டில் தங்கி எழுதிய நாட்களில்தான் எனக்கு ஒரு வழி தெரிந்தது. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் காப்பி கொண்டுவந்த மலை இது. கோடை மழை ஒன்று விழுந்ததும் செடி வெள்ளையாய்ப் பூக்கிறது. பூ பழமாகிச் சிவக்க எட்டு, ஒன்பது மாதம். பறிக்க வரும் பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, கிளையை வளைத்து, சிவந்ததை மட்டும் கிள்ளுகிறார்கள். பச்சைக் காய்க்காக இன்னொரு நாள் அதே செடிக்கு வருகிறார்கள். மற்ற மாதங்களில் கவாத்தும் உரமும் களையும்தான்.

எழுதுகிறவரும் இப்படிக் காலம் பிரித்துக்கொள்ளலாம். கைப்பிரதி முடியும்வரை போஸ்ட் வேண்டாம். புத்தகம் வந்ததும் இரண்டு மாதம் முழுமனதோடு விற்கலாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும்போது கூச்சப்படாமல் தினமும் பேசலாம். தினமும் எழுது, தினமும் விளம்பரம் செய் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. இரண்டும் ஒரே காலைப்பொழுதைத்தான் கேட்கின்றன.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு புத்தகம் பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அட்டைப்படத்தைப் போடுங்கள். அதை எழுதியவர் அடுத்த புத்தகத்தை எழுதட்டும்.