மறுக்கப்பட்டவர்களின் நோட்டு

விசா எப்படிக் கிடைக்கிறது என்பதை நான் விசா கிடைக்காதவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். சட்டக் கல்லூரியில் அது பாடமில்லை. சட்டப் புத்தகத்தில் பிரிவு எண் இருக்கும், ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதைக் கேட்பார், எந்தப் பதிலில் அவர் முகம் மாறும் என்பது அதில் இருக்காது. அது தெரிந்தவர்களுக்குத்தான் இந்தத் தொழிலில் மதிப்பு, ஃபீஸும் அதற்குத்தான். அந்த அறிவு யாருடைய சொத்து என்ற கேள்வி கொஞ்ச நாளாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் கப்பலுக்குப் போகிற பையன்கள் நிறைய. ஆயிலர், குக், டெக்கில் வேலை. கப்பல் ஹூஸ்டன் பக்கம் போகிறது என்றால் பாஸ்போர்ட்டில் ‘சி-1/டி’ என்ற அமெரிக்க விசா வேண்டும். கடலைக் கடக்கிற ஆளுக்கு அது இல்லாமல் துறைமுகத்தில் காலை வைக்க முடியாது. ஒரு காலத்தில் கப்பலில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து ஒரே பட்டியலில் விசா கொடுத்தார்கள். 2004-இல் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாக ஜன்னல் முன்னால் நிற்க வேண்டும். சில நிமிடம்தான். கிடைக்காவிட்டால் கம்பெனி அடுத்த ஆளைக் கூப்பிடும், கப்பல் யாருக்காகவும் நிற்காது.

இதற்குப் பின்னால் இருப்பது 1952-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம், பிரிவு 214(பி). தற்காலிக விசா கேட்டு வருகிறவரை, அங்கேயே தங்கிவிட வந்தவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. அப்படி இல்லை என்று அதிகாரிக்குத் திருப்தி வரும்படி காட்ட வேண்டியது விண்ணப்பதாரர் பொறுப்பு. (சில வகை விசாக்களுக்கு விலக்கு உண்டு, மாலுமிக்குக் கிடையாது.) குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதி என்று படித்துவிட்டு வந்த எங்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அப்பீலும் கிடையாது. ஷெங்கன் நாடுகளின் 2009-ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பு காரணத்தைச் சொல்லச் சொல்கிறது, மேல்முறையீட்டுக்கும் வழி வைக்கிறது. அமெரிக்க நீதிமன்றங்களோ தூதரக அதிகாரியின் முடிவுக்குள் பெரும்பாலும் தலையிடுவதில்லை. தன் கணவருக்கு விசா மறுக்கப்பட்டதை எதிர்த்து அந்நாட்டுக் குடிமகள் ஒருவரே தொடுத்த வழக்கிலும் 2024-இல் உச்ச நீதிமன்றம் கதவைத் திறக்கவில்லை. ஒரு நாடு தன் வாசலில் யாரை விடுவது என்று தீர்மானிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. காரணம் சொல்லாமல் தீர்மானிப்பதில்தான் இருக்கிறது.

காரணம் சொல்லப்படாத இடத்தில் வக்கீல் எப்படிக் கற்பது? என் சீனியர் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். ரிஜெக்ட் ஆகி வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பார்: முதல் கேள்வி என்ன, நீ என்ன சொன்னே, அவர் எதைத் திருப்பிக் கேட்டார். எல்லாம் நோட்டில் ஏறும். பத்துப் பதினைந்து பக்கம் சேர்ந்ததும் ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். உதாரணமாக, ‘உனக்கு வேலை கொடுத்தது யார்?’ என்ற கேள்விக்குப் பல பையன்கள் தெருவில் தங்களைச் சேர்த்துவிட்ட அண்ணன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மை, வேலை வாங்கிக் கொடுத்தது அவர்தானே. ஆனால் கேள்வி கப்பல் கம்பெனியைப் பற்றியது. இது புரிந்த பிறகு வருகிற பையன் தேறிவிடுவான், ஃபீஸும் கொடுப்பான். முன்னால் தோற்றவர்களுக்கு அந்தப் பணத்தில் பங்கில்லை.

ஒரு அம்மா கேட்டார்: “இன்னா கண்ணு, எம்புள்ள இன்னா தப்பு பண்ணான்? அத்த மட்டும் சொல்லு, போறேன்.” எங்களுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய மகனே நோட்டின் ஒரு பக்கம்.

சீனியரிடம் கேட்டேன். “டாக்டரும் நோயாளி கிட்டதாம்மா கத்துக்கறார். அதுக்காக மருந்துச் சீட்டை ஃப்ரீயாவா எழுதறார்?” என்றார். எனக்கு அந்த ஒப்பீடு சரியாகப் படவில்லை. டாக்டர் கற்றது மருத்துவ இதழில் வரும், மாணவர்கள் படிப்பார்கள். எங்கள் தொழிலும் அப்படித்தான் வளர்ந்தது. ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ 1891-இலிருந்து தீர்ப்புகளை அச்சிடுகிறது. ஒவ்வொரு தீர்ப்பிலும் தோற்ற ஒருவர் இருக்கிறார், அவர் தோல்வி எல்லோருக்கும் பாடமாகிறது. அவர் தோற்றதற்கு அந்த அளவிலாவது ஒரு நியாயம் செய்யப்படுகிறது. விசா மறுப்புக்கு அப்படி எந்த ஜர்னலும் இல்லை, எங்கள் மேசை டிராயர்தான் இருக்கிறது.

அப்போ பெயர்களை எடுத்துவிட்டு நோட்டை அப்படியே வெளியிட்டால்? அதுவும் அவ்வளவு சுலபமில்லை. ஏஜென்ட் ஒருவரின் அறையில் பையன்கள் இங்கிலீஷ் பதில்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஒரே வாக்கியம் சொன்னால் அதிகாரி சந்தேகப்படத்தான் செய்வார். பிறகு தன் சொந்த வார்த்தையில் திக்கித் திணறி உண்மை சொல்கிறவனும் மனப்பாடம் செய்தவன் ஆகிவிடுவான்.

அதனால் இப்போதைக்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன். கேள்வி எதைக் கேட்கிறது என்பதை யாருக்கும் சொல்லலாம், பதிலை யாருக்கும் தயாரித்துக் கொடுக்கக் கூடாது. கோடு சில இடத்தில் கலங்கும். ‘எப்போது திரும்பி வருவாய்?’ என்றால் பையன், “கம்பெனி சொல்றப்போ” என்பான். ஒப்பந்தத்தில் மாதக் கணக்கு இருக்கிறது, அதைப் பார் என்று காட்டுகிறேன். அவன் கையெழுத்துப் போட்ட தாளை அவனுக்கே படித்துக் காட்டுவது பதில் சொல்லிக் கொடுப்பதில் சேராது என்று நினைக்கிறேன். ஆனால் ‘ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது?’ என்ற கேள்விக்கு வாடகை வீட்டில் தனியாக இருக்கிற பையன் என்ன சொல்வான்? கேள்வியை எவ்வளவு விளக்கினாலும் அவனிடம் காட்ட எதுவும் இல்லை. இந்த அறிவு முழுவதையும் பொதுவில் வைத்தாலும் அவனுக்கு அது பயன்படாது. இதற்கு என்னிடம் பதிலில்லை.

ஏற்கெனவே பொதுவில் இருந்தும் யாரிடமும் போய்ச் சேராதவை உண்டு. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மாலுமியுடையது, விசா செலவு கப்பல் முதலாளியுடையது என்று அதில் தெளிவாக இருக்கிறது. வேலை வாங்கித் தர மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று நம்முடைய 2016-ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. இதை எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை. சுவர் முழுக்க ஏஜென்ட் போஸ்டர். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது, பார் கவுன்சில் விதி 36. நல்ல விதிதான், ஆனால் அந்த மௌனத்தில் பேசுகிறவர் வேறு ஆள்.

மாதம் ஒரு ஞாயிறு காசிமேட்டில் வலை பின்னுகிற கொட்டகையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்கிறேன். ஃபீஸ் கிடையாது, நோட்டும் எடுத்துப் போவதில்லை, அது சீனியருடையது. போன முறை விசா செலவு விஷயத்தைச் சொன்னதும் பின்னால் நின்ற ஒருவர் கேட்டார்: “அப்போ நாங்க குடுத்த துட்டு, மேடம்?” ரசீது இருக்கிறதா என்றேன். மூன்று பேரிடம் இருந்தது. கப்பல் துறைத் தலைமை இயக்ககத்துக்கு மூன்று மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.