இழப்புக்கும் ஒரு கட்டம்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெரும்பாலும் ஒரு ஃபைல் இருக்கிறது. மார்கழியில் நடக்கும் திருப்பாவை ஒப்பித்தல் போட்டியின் ஆறுதல் பரிசு முதல் அபாகஸ் தேர்வு, சாரணர் முகாம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கப் பயிற்சி, சதுரங்கப் போட்டி வரை கிடைத்த சான்றிதழ்கள் தேதிவாரியாக, சில லேமினேஷன் செய்யப்பட்டு, அதன் பிளாஸ்டிக் உறைகளுக்குள் செருகப்பட்டிருக்கும். அதைப் பேணுவது தாயின் பொறுப்பாகவும், அதைக் காட்டுவது கல்லூரி நேர்காணலின் தேவையாகவும் ஆகிவிடுவதால், ஃபைலுக்கு உரிய பிள்ளை அதைத் திறந்து பார்க்கும் சந்தர்ப்பம் அரிதாகவே வாய்க்கிறது. இந்தப் பழக்கத்தைக் குறைகூறுவது எளிது; ஆனால் பிள்ளை செய்தது வீண்போகக் கூடாது என்னும் அக்கறை அதற்குப் பின்னால் இருக்கிறது, அந்த அக்கறை மதிக்கத்தக்கது. எதை எழுதி வைத்தால் அது நிறைவேறும் என்பதே எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

இதற்குச் சான்று வேறு, பதிவு வேறு என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சான்று என்பது ஒரு செயல் முடிந்தபின் பிறர் எழுதித் தருவது. பதிவு என்பது செயல் நடக்கும்போதே செய்பவர் தம் கையால் எழுதிக்கொள்வது. சான்றில் பெயரும் இடமும் தேதியும் இருக்கும். அன்று என்ன செய்யப்பட்டது, எது சரிவரவில்லை, உடன் யார் இருந்தார் என்பவற்றுக்கு அதில் இடமே கிடையாது. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யும் என்று எதிர்பார்ப்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

இளைஞர் அமைப்புகளைத் தோற்றுவித்தவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்தே இருந்தனர். பேடன் பவலின் சாரணர் அமைப்பில் இந்தியச் சிறுவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டிருந்த நிலையில், அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அன்னி பெசன்ட், முதல் உலகப் போரின் ஆண்டுகளில், ஜார்ஜ் அருண்டேலின் துணையுடன் அவர்களுக்கெனத் தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அது பொது அமைப்போடு இணைந்தது. விடுதலைக்குப் பின் 1950இல் உருவான பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பிரவேஷ் என்னும் நுழைவு நிலையிலிருந்து பிரதம, துவிதீய, திரிதீய சோபான் என்ற மூன்று படிகளைக் கடந்து, மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார், நாட்டளவில் குடியரசுத் தலைவர் விருது என்று மேலேறுகிற சாரணர், தம் முன்னேற்றத்துக்கான லாக் புக் ஒன்றை வைத்திருக்க வேண்டும். கயிற்றில் போட்ட முடிச்சு, சமைத்த சோறு, நடந்த தொலைவு ஆகியவற்றை நாளோடு எழுதிவைக்க அமைந்தது அது. ஆனால் விருது நெருங்க நெருங்க, அது தேர்வாளருக்குக் காட்டும் ஆல்பமாக, வண்ணத் தாளும் ஒட்டிய படங்களுமாக மாறிவிடுவதைப் பல பள்ளிகளில் காணலாம்.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்திலும் இதே போக்கு உண்டு. தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைப்பதோடு, ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றிலும் கலந்துகொண்டால் சான்றிதழ் கிடைக்கும் என்பது விதி. மணிக்கணக்கு இல்லாமல் இவ்வளவு பெரிய திட்டத்தை நடத்த முடியாது என்பது உண்மையே. எனினும் 120 என்ற எண் முன்னால் நிற்கும்போது, நாட்குறிப்பு அந்த எண்ணை நோக்கியே ஓடத் தொடங்குகிறது. "மரம் நட்டோம், 4 மணி" என்று எழுதிய மாணவர், அந்த மரம் அடுத்த கோடையில் பட்டுப்போயிற்றா, யாராவது தண்ணீர் ஊற்றினார்களா என்று எழுத வேண்டியதில்லை என்று தாமாகவே கற்றுக்கொள்கிறார். அப்படிக் கற்றுக்கொள்வது மணிக்கணக்கில் வரும் சிறு புரட்டைவிடக் கவலைக்குரியது.

பதிவு எப்படி இருக்கலாம் என்பதற்கு அதே அடையாற்றின் கடலோரத்தில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. சென்னை மாணவர்கள் சேர்ந்து 1988இல் உருவாக்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள், ஜனவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில் இரவு நேரங்களில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை கரையேறி விட்டுச்சென்ற தடத்தைக் கண்டதும், குச்சியால் மணலை மெல்லக் குத்தி, அது இளகிக் கொடுக்கும் இடத்தில் கையால் தோண்டி, குடுவை வடிவக் குழியிலிருந்து ஏறத்தாழ நூறு முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் இட்டு, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவில் வெட்டிய குழியில் புதைக்கிறார்கள். குழிக்கு எண் இடப்படுகிறது. கண்டெடுத்த தேதி, இடம், முட்டைகளின் எண்ணிக்கை எழுதப்படுகின்றன. 45 முதல் 60 நாட்களுக்குள் குஞ்சுகள் வெளிவரும்போது, கடலில் விடுவதற்கு முன் அவற்றையும் எண்ணி, அதே குழியின் எண்ணுக்கு நேரே எழுத வேண்டும்.

இத்தகைய பதிவின் சிறப்பு அந்த இரண்டு எண்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. 110 முட்டை புதைத்த குழியிலிருந்து 70 குஞ்சுகள் வந்தால், மீதி 40 என்ன ஆயிற்று என்ற கேள்வியை அந்த வரியே எழுப்புகிறது. எழுதியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் இழப்பு அங்கே நிற்கிறது. மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் மிகும், அளவு மீறினால் கருவே அழியும் என்பதால், பொரிப்பகத்தின் மேல் எப்போது நிழல் போடுவது என்ற முடிவை எடுக்கப் பழைய ஆண்டுகளின் இத்தகைய வரிகளே துணை. இறந்து ஒதுங்கும் ஆமைகளையும் தொண்டர்கள் கணக்கிடுகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இழுவைப் படகுகளின் வலைகளைப் பற்றிய கேள்வி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதற்குக் கரையில் நடந்தவர்களின் எண்ணிக்கைகளும் துணை நின்றன. பதினேழு வயதினர் ஒருவர் நள்ளிரவில் ஈரக் கையோடு எழுதிய எண் ஒன்று இப்படிப் பொதுப் பயனுக்கு வரும்போது, தம் கையெழுத்துக்குத் தாம் பொறுப்பு என்ற உணர்வு அவருக்கு உபதேசம் ஏதுமின்றியே வந்துவிடுகிறது.

முட்டையைக் கண்டெடுத்தவர் குஞ்சு பொரிக்கும் நாளில் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருக்கலாம். கடைசிக் கட்டத்தை வேறொருவர் நிரப்புவார். தனி ஒருவரின் சாதனை என்று எடுத்துச்சென்று காட்ட முடியாத இந்த வரி, இளைஞர் மன்ற வேலையின் உண்மையான இயல்பைச் சான்றிதழைவிடத் துல்லியமாகச் சொல்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிராமங்களில் சோள மன்றங்களாகவும் தக்காளி மன்றங்களாகவும் முளைத்து ஃபோர்-எச் என்ற பெயரில் வளர்ந்த இயக்கமும் இதே வழியைக் கண்டுபிடித்திருந்தது. அதன் பதிவேட்டில் கன்று வளர்க்கும் சிறுவர் தீவனச் செலவையும் விற்ற விலையையும் எழுத வேண்டும். கன்றுக்குப் பரிசு கிடைத்த ஆண்டிலும் கணக்கு நட்டத்தில் முடியலாம், அதையும் எழுதியாக வேண்டும்.

மயிலாப்பூர் வீட்டு ஃபைலைத் தூக்கி எறிய வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. கல்லூரிகள் சான்றிதழ் கேட்கும்வரை அது இருந்தாக வேண்டும். ஆனால் அதன் அருகே பிள்ளையே எழுதும் நோட்டு ஒன்றும் இருக்கலாம். அதில் பெரியவர்களின் பங்கு மிகச் சிறியதாக இருப்பதே நல்லது. பள்ளிகளில் ரஃப் நோட்டில் எழுதியதை ஃபேர் நோட்டில் அழகாக எழுதும் பழக்கம் ஊறிப்போயிருப்பதால், பெற்றோரும் ஆசிரியரும் இந்த நோட்டையும் திருத்தி, அடித்தல்களை நீக்கி, நன்றாக நடந்தவற்றை மட்டும் வைத்து மறுபடி எழுதச் சொல்லிவிடுவார்கள். அப்படி எழுதிய பிரதியில் மழையால் நின்றுபோன முகாம் இருக்காது, பாதியில் கைவிட்ட செடி வளர்ப்பு இருக்காது, பக்கத்துத் தெருத் தோழரின் பெயர் இருக்காது. பொறுப்பாசிரியர் செய்யத்தக்கது, ரஃப் நோட்டை அப்படியே வாங்கிப் படித்து, தேதியோடு கையொப்பமிட்டு, ஒன்றும் திருத்தாமல் அன்றே திருப்பிக் கொடுப்பது. மன்றத்துக்குப் படி வேண்டுமானால் அடித்தல்களோடு நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தை எழுதியவரிடமே விட்டுவிடுவது.