இரைச்சல் என்னும் தீர்ப்பு

கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலை நிலாவெளியிலோ சல்லியிலோ ஒலிப்பதிவு செய்ய முற்படும் ஒருவர் முதலில் எதிர்கொள்வது கடலையே. அலையோசை, காற்று, ஈரக் கயிறு மணலில் உராயும் ஓசை, இழுப்போரின் மூச்சு, சம்மாட்டியாரின் அதட்டல், அப்பால் திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கப்பலின் பொறியதிர்வு ஆகிய யாவும் ஒலிவாங்கியினுள் ஒருங்கே புகுகின்றன. ஒலிவாங்கிக்குத் தராதரம் பார்க்கத் தெரியாது. தராதரம் பார்க்கும் வேலை பின்னர் கணினியில் நடைபெறுகிறது. பாடலில்லாத சில செக்கன்களைத் தெரிந்து, இதுவே இரைச்சல் என்று சுட்டிக்காட்டினால், செயலியானது அதன் மீடிறன் அமைப்பைக் கணித்துக்கொண்டு, பதிவு முழுவதிலிருந்தும் அதனைக் கழித்துவிடும். கடல் போய்விடும், குரல் எஞ்சும். இவ்வாறு செய்வதைச் 'சுத்தம் செய்தல்' என்று ஒலிப்பதிவாளர் கூறுவர். இச்சொல் நியாயமானதுதானா என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினாவாகும்.

இவ்வினா கணினியோடு பிறந்ததன்று எனினும், கணினியாலேயே கூர்மை பெற்றது. ஒலியை எண்ணாக மாற்றலாம் என்பதற்கான கோட்பாட்டு அடிப்படையை நைகுவிஸ்ட் 1928இலும் ஷனன் 1949இலும் வகுத்தளித்தனர். 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டு, ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலியலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 துணுக்குகளில் எழுதிவைத்தது. எண்ணாகிவிட்ட பொருளைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். இந்த உண்மையின் முழு வலிமையையும் முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் தோமஸ் ஸ்ரொக்ஹாம் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர். 1975இல் அவர் நிறுவிய 'சவுண்ட்ஸ்ட்ரீம்' நிறுவனத்திலேயே இன்றைய கணினி ஒலிப்பதிவு மேசையின் முன்னோடி உருவாயிற்று எனலாம்.

ஸ்ரொக்ஹாம் செய்த இரு காரியங்களை அருகருகே வைத்து நோக்குதல் பயனுடைத்து. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாடிய இத்தாலியப் பாடகர் கரூசோவின் குரல், அக்காலத்துப் பதிவுக்கருவியின் ஊதுகுழற் கூம்புக்குள் அகப்பட்டு, அக்கூம்பின் அதிர்வுகளையும் சேர்த்துச் சுமந்தே நமக்குக் கிடைத்தது. அக்கூம்பின் பங்கைக் கணித்து நீக்கிய ஸ்ரொக்ஹாமின் பதிப்பு 1976இல் இசைத்தட்டாக வெளிவந்தது. கேட்டோர் வியந்தனர். ஆனால் கூம்பு எது, குரல் எது என்று அவர் எவ்வாறு பிரித்தார்? அதே பாடலைப் பிற்காலத்தில், நல்ல கருவியின் முன் நின்று பாடிய இன்னொரு பாடகரின் பதிவையே அளவுகோலாகக் கொண்டார். அதாவது, கரூசோவின் குரல் எவ்வாறு இருந்திருக்க வேண்டும் என்பதற்கு மற்றொருவரின் குரல் சான்று பகர்ந்தது! முறையிற் பிழையில்லை, வேறு வழியும் அன்று இருக்கவில்லை. எனினும் 'மீட்டெடுத்தல்' என்பதற்குள் ஓர் உவமானமும் ஓர் ஊகமும் மறைந்து நிற்பதை நாம் மறத்தலாகாது.

மற்றையது அரசியல் சார்ந்தது. 1972 யூன் 20ஆந் திகதி ஜனாதிபதி நிக்சனின் அலுவலகத்திற் பதிவான ஒலிநாடாவில் பதினெட்டரை நிமிடம் வெறும் இரைச்சலாகக் கிடந்தது. அதனை ஆராய நியமிக்கப்பட்ட ஆறு நிபுணர்களுள் ஸ்ரொக்ஹாமும் ஒருவர். அந்த இரைச்சல் தற்செயலான ஒரு தவறால் ஒரே வீச்சில் உண்டானதன்று, குறைந்தது ஐந்து தனித்தனித் துண்டுகளாக அழிக்கப்பட்டதன் விளைவே அது என்று அக்குழுவினர் 1974இல் அறிக்கையிட்டனர். அழித்த கருவி நாடாவின் காந்தப்பூச்சில் தன் தடத்தை விட்டுச்சென்றிருந்தது. ஓரிடத்தில் இரைச்சலை நீக்கி உண்மையைத் தேடிய அதே அறிஞர், இன்னோரிடத்தில் இரைச்சலையே உண்மைக்குச் சாட்சியாகக் கொண்டார்.

பின்னர் நிகழ்ந்த வளர்ச்சி விரைவானது. 1984இல் தொடங்கப்பட்ட டிஜிடிசைன் நிறுவனம் 1989இல் 'சவுண்ட் ரூல்ஸ்' என்பதையும், 1991இல் நான்கு தடங்கள் கொண்ட 'புரோ ரூல்ஸ்' என்பதையும் வெளியிட்டது. பெரிய கலையகங்களுக்கே உரியனவாயிருந்த வசதிகள் வீட்டறைக்குள் வந்தன. ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தம் இல்லத்தையொட்டி 1989 அளவில் அமைத்த ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து 1992இல் 'ரோஜா' பிறந்ததும் இக்காலத்தின் குணத்தையே காட்டுகிறது. இன்று 'ஆர்டர்' போன்ற கட்டற்ற மென்பொருள்களும் கிடைக்கின்றன. மூதூரில் மடிக்கணினி வைத்திருக்கும் மாணவனொருவன் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கம்பனி செய்ததைச் செய்யலாம். இவ்வெளிமை போற்றற்குரியது.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கவனிக்கற்பாலது. சவர அலகினால் நாடாவை வெட்டியொட்டிய காலத்தில், வெட்டு வெட்டாகவே இருந்தது. கணினியிலோ மூலப்பதிவு தீண்டப்படாது கிடக்கும். வெட்டுதல், கூட்டுதல் என்பன அதன் மீது இடப்படும் கட்டளைகளே. எதனையும் மீளப்பெறலாம். இந்த அளவில் நாடாவைக் காட்டிலும் கணினி நேர்மையானது. ஆனால் வேலை முடிந்து, மாஸ்ரரிங் என்னும் இறுதிச் செம்மையாக்கமும் முடிந்து, வெளியே செல்லும் கோப்பில் அக்கட்டளைகள் எவையும் இரா. நிக்சனின் நாடாவில் இருந்தது போன்ற தடம் அதில் எளிதில் அகப்படாது. மூலத்தை வைத்திருப்பவர் மட்டுமே நடந்ததை அறிவார். ஆகவே அறப்பொறுப்பு கருவியிலிருந்து நழுவி முழுவதும் மனிதரின் தலையில் விழுகின்றது.

அம்மனிதர் 'இரைச்சல்' என்று எதனைச் சொல்கிறார்? பௌதிகத்தில் அலைகள் உண்டு, அவற்றின் வீச்சும் மீடிறனும் உண்டு. விரும்பத்தகாதது என்றொரு கணியம் அதில் இல்லை. இரைச்சல் என்பது கேட்பவர் வழங்கும் தீர்ப்பு. இதற்கு நமது துறைமுகக் கடலே தக்க சான்று தருகிறது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையினர் நீர்மூழ்கிகளைக் கண்டறியக் கடலடியிற் செவிப்பொறிகளை வைத்தபோது, செக்கனுக்கு ஏறத்தாழ 20 அதிர்வுகள் கொண்ட விளங்காத துடிப்புகள் இடையறாது குறுக்கிட்டன. அவை துடுப்புத் திமிங்கிலங்களின் குரல் என்று 1964இலேயே அறிஞர் நிறுவினர். நீர்மூழ்கியைத் தேடியவனுக்கு அது இடைஞ்சல். விலங்கியலாளனுக்கு அதுவே செய்தி. கொட்டியாற்றுக் குடாவிலிருந்து ஆழ்கடல்வரை செல்லும் பெரும் கடலடிப் பள்ளத்தாக்கினால், கரைக்கு மிக அண்மையிலேயே நீலத் திமிங்கிலங்கள் உலவும் அரிய இடங்களுள் திருகோணமலை ஒன்றாயிற்று. 1980களின் முற்பகுதியில் 'துலிப்' என்னும் சிறு பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர் இக்கடலில் அவற்றை ஆராய்ந்தனர்; 1984இல் அவற்றின் பாடலும் இங்கு பதிவாயிற்று. அப்பாடலின் முற்பகுதி நம் செவியின் கீழெல்லையை அண்டி ஒலிப்பது. ஈற்றுப்பகுதி 100 ஹேட்ஸை அண்மித்து அரை நிமிடமளவு நீளும் ஒற்றைத் தொனி. குரற்பதிவில் 80 ஹேட்ஸுக்குக் கீழுள்ள அனைத்தையும் முதல் வேலையாக வெட்டிவிடுவது ஒலிப்பதிவாளரின் வழக்கம். அவ்வழக்கத்தைச் சிந்தியாது கைக்கொண்டிருந்தால் அத்திமிங்கிலத்தின் பாடலிற் பெரும்பகுதி முதற் சொடுக்கிலேயே மறைந்திருக்கும்.

எனின், பதிவை எவ்வகையிலும் தீண்டலாகாது என்பதா நமது முடிவு? அன்று. திமிங்கிலப் பாடலின் தாழ்ந்த பகுதிகளை மனிதர் தெளிவாகக் கேட்பதற்கு அதனைப் பன்மடங்கு விரைவாக்கி ஒலிக்கச் செய்தல் வேண்டும். உள்ளதை உள்ளவாறு ஒலித்தால் ஒன்றுமே விளங்காது. அதன் காலத்தைப் பொய்யாக்கியே அதன் வடிவத்தை மெய்யாகக் காண்கிறோம். ஆயினும் எத்தனை மடங்கு விரைவாக்கினோம் என்று ஆய்வாளர் சொல்லிவிடுகின்றனர். சொல்லப்பட்ட மாற்றத்திற்கும் சொல்லாது மறைத்த மாற்றத்திற்கும் உள்ள தூரமே இங்கு முக்கியமானது. கலைஞனின் கற்பனைக்கு இந்நிபந்தனை பொருந்தாது என்பதையும் உடன் சொல்லிவிடுதல் நன்று; திரைப்பாடல் தன்னை ஆவணம் என்று கூறிக்கொள்வதில்லை.

அம்பாப் பாடலுக்குத் திரும்புவோம். அதன் தாளத்தை வகுப்பது கயிறு. வலை பாரித்தால் பாடல் தளரும். மடி கரையை நெருங்க முடுகும். கணினியில் தாளக் கட்டம் ஒன்று உண்டு. பிறழ்ந்த அடிகளை அது தானாகவே கட்டத்துக்குள் இழுத்துச் சமப்படுத்தும். சமப்படுத்திய அம்பாவில் மீனின் பாரம் இராது. சுருதியைத் திருத்தும் 'ஓட்டோ ரியூன்' என்பது 1997இல் வெளிவந்தது. அதனை ஆக்கிய ஹில்டபிராண்ட் அதற்கு முன்னர் நிலத்தடியில் எண்ணெய் தேடும் அதிர்வலைக் கணிப்பில் ஈடுபட்டவர் என்பது சுவையான செய்தி. மூச்சை நீக்குவதற்கும் தனிக் கருவி உளது. தொல்காப்பியப் பிறப்பியலோ எழுத்தொலியின் பிறப்பை உந்தியிலிருந்து எழும் காற்றிலிருந்தே தொடங்குகிறது. அந்தக் காற்றை இழுக்கும் ஓசையைக் குறையென்று கொள்ளும் செவி எங்கிருந்து நமக்கு வந்தது என்று கேட்பதில் தவறில்லை. வடகிழக்குக் கரைகள் சிலவற்றில் இப்போது உழவு இயந்திரத்திற் பொருத்திய சுழற்பொறி வலையை இழுக்கிறது. அங்கு அம்பாவுக்குத் தேவையில்லை. நாம் பதிவு செய்வதே எஞ்சப்போகிறது என்னும் நிலையில், பதிவாளரின் தீர்ப்பு மேன்முறையீடு அற்றதாகிவிடுகிறது.

பாடலைக் காட்டிலும் பாரதூரமான இடமும் உண்டு. போர்க்காலத்திற் காணாமற்போனோரின் உறவினர் இம்மாவட்டத்திலும் சாட்சியம் அளித்துள்ளனர். ஆழிப்பேரலையில் 2004இல் பிள்ளைகளை இழந்தோரும் பேசியுள்ளனர். இத்தகைய பதிவுகளைக் குறுவட்டுக்கோ வானொலிக்கோ ஏற்றவாறு சுருக்குபவர் கையாளும் வசதி, குறித்த அளவுக்குக் கீழ்ப்பட்ட ஒலியுள்ள இடங்களைத் தானாகவே நீக்கிவிடுவது. தாயொருத்தி மகனின் பெயரைச் சொல்லுமுன் மௌனமாயிருந்த பதினொரு செக்கன் அதற்கு வெற்றிடம். நீக்கிய பின் அவள் தடங்கலின்றிப் பேசுகிறாள். சொல்லொன்றும் மாறவில்லை, சாட்சியம் மாறிவிட்டது. அவள் ஒப்பித்தாள் என்றுகூட நாளை ஒருவன் வாதிடலாம்.

மாஸ்ரரிங்கிலும் இதே இயல்பு வேறு வடிவத்தில் நிகழ்கிறது. 1994இல் 'வேவ்ஸ்' நிறுவனத்தின் 'எல்1' முதலிய உச்சவரம்புக் கருவிகள் வந்தபின், மெல்லொலியையும் வல்லொலியோடு ஒப்ப உயர்த்தி, இசைத்தட்டுகள் ஒன்றையொன்று சத்தத்தால் வெல்ல முயன்றன. ஐரோப்பிய ஒலிபரப்பாளர் 2010இல் சராசரி ஒலிமட்டத்துக்கு அளவு விதித்தபின் வானொலி, தொலைக்காட்சியில் இப்போட்டி ஓரளவு தணிந்தது. நமது திருவிழா ஒலிபெருக்கிகளுக்கு அவ்விதி இன்னும் எட்டவில்லை.

ஒலி ஆவணக்காப்பாளரின் சர்வதேசச் சங்கம் இதில் ஒரு தெளிவான வழக்கத்தை வகுத்துள்ளது. மூலத்திலிருந்து பெறும் பிரதியைத் திருத்தாது, குறைந்தது 48,000 மாதிரிகளும் 24 துணுக்குகளும் கொண்ட தரத்திற் பேணுதல். சுத்தம் செய்வதாயின் வேறொரு பிரதியிற் செய்தல். 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் தொகுத்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகளுக்கும், நமது பல்கலைக்கழகங்களில் நாட்டார் வழக்காற்றை ஒலிப்பதிவு செய்யும் மாணவருக்கும் இது பொருந்தும். செலவு சில வன்தட்டுகளே.

இருந்தும் இவ்விதி தீர்க்காத சிக்கல் ஒன்றுண்டு. கடலோசையை நீக்கித் தருமாறு பாடிய மீனவரே கேட்டால் என் செய்வது? கடல் தமக்கு எந்நாளும் கேட்பது, பேரப்பிள்ளைகளுக்குத் தம் குரல் வேண்டும் என்று அவர் சொல்லக்கூடும். அவரிடம் போய் 'உமது அலையோசையே பண்பாட்டுச் செல்வம்' என்று விரிவுரை நிகழ்த்துவது நமக்கு அழகன்று, குரல் அவருடையது. கேட்டவாறு செய்து கொடுக்கவே வேண்டும். காப்பகத்திற்குச் செல்லும் மற்றைய பிரதியைப் பற்றி அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அதனை யார் கேட்பார்கள், எதற்குக் கேட்பார்கள் என்பதை ஒலிவாங்கியைத் திறக்குமுன்னரே கரையில் வைத்து அவருக்குச் சொல்லவும் வேண்டும்.